மதுரை அண்ணாநகரைக் கடைவீதி ஆக்கியது எது: ஹவுசிங் போர்டா, கண் ஆஸ்பத்திரியா, உழவர் சந்தையா?

மேலமடை மாப்பிள்ளை எழுதியது:

வணக்கம். எங்க சித்தப்பாவும் சித்தியும் பெங்களூரு போதும் என்று மதுரைக்கே திரும்பி வருகிறார்கள். சித்தப்பாவுக்குச் சர்க்கரை, அதனால் கண்ணை அடிக்கடி காட்ட வேண்டும். சித்திக்குக் காய்கறியை அவரே பார்த்துப் பொறுக்கி வாங்க வேண்டும், ஆப்பில் ஆர்டர் போட்டால் சாப்பாடு இறங்காது. கே.கே.நகரா அண்ணாநகரா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. எனக்கு அண்ணாநகர்தான் தோன்றுகிறது.

பேச்சுவாக்கில் சித்தப்பா ஒன்று கேட்டார். “நான் மதுரையை விட்டுப் போகும்போது அது வீடுகள் மட்டும் இருந்த காலனிதானே, ஜவுளி எடுக்கவும் பாத்திரம் வாங்கவும் மாசி வீதிக்குத்தானே போவோம், எப்போது அங்கே இவ்வளவு கடை வந்தது?” எனக்குப் பதில் தெரியவில்லை. பழைய ஆட்கள் சொல்லுங்கள். அப்படியே வசதிகள் எப்படி என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய குடித்தனம் எழுதியது:

தம்பி, உங்க சித்தப்பா சொல்வது சரிதான். நாங்கள் குடிவந்த புதிதில் இது தூங்குமூஞ்சிக் காலனி. வீட்டுவசதி வாரியம் கட்டிக் கொடுத்த வீடுகள். எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று வருமானத்தை வைத்துப் பிரித்திருப்பார்கள். தவணை கட்டி முடித்தால்தான் கிரயப் பத்திரம் கைக்கு வரும். குடிவந்தவர்களில் பாதிப்பேர் சர்க்கார் உத்தியோகம், பேங்க், வாத்தியார் வேலை. மாதம் பிறந்தால் மளிகைச் சாமானுக்கு ஆற்றைத் தாண்டிக் கீழமாசி வீதிக்குப் போய் மொத்தமாகக் கட்டி வருவோம். காய்க்கு, கோயிலை ஒட்டி இருந்த பழைய சென்ட்ரல் மார்க்கெட். சாயங்காலமானால் அம்பிகா தியேட்டர் பக்கம் கொஞ்சம் நடமாட்டம் தெரியும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் அண்ணாநகருக்கு ஆள் வரவழைத்தது அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில் ரிட்டயர் ஆன பிறகு, 1976இல் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்தது அது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்தக் கையாலேயே கண் ஆபரேஷன் செய்யப் பழகிக்கொண்டவர். காசு கொடுப்பவரிடம் வாங்கி, இல்லாதவருக்கு இலவசமாகப் பார்ப்பது என்ற கணக்கில்தான் இன்றுவரை ஓடுகிறது. ராமநாதபுரம், விருதுநகர், தேனி, கேரளா என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வருகிற கூட்டம். ஒரு நோயாளி வந்தால் கூட ரெண்டு பேர் வருவார்கள். அவர்களுக்கு இட்லி வேண்டும், தங்க ரூம் வேண்டும், சொட்டு மருந்து வேண்டும், கறுப்புக் கண்ணாடி வேண்டும். முதலில் வந்த கடைகளெல்லாம் இந்தக் கூட்டத்தை நம்பி வந்தவைதான்.

சதுரஅடி எழுதியது:

அக்கா சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். நான் கட்டுமானத் தொழிலில் இருக்கிறேன், அந்தக் கண்ணோடு சொல்கிறேன். ஆஸ்பத்திரி எத்தனை ஊரில் இல்லை? பனங்கல் ரோட்டில் ராஜாஜி ஆஸ்பத்திரி 1940இலிருந்து நிற்கிறது, எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்ற பெயரில் தொடங்கியது. அங்கே வருகிற கூட்டத்துக்கு அளவே கிடையாது. ஆனால் அந்த ரோட்டில் மருந்துக் கடையும், ஸ்கேன் சென்டரும், டீக்கடையும் தாண்டி என்ன வளர்ந்தது? ஜவுளியோ நகையோ அங்கே போய் யார் வாங்குகிறார்கள்?

அண்ணாநகரின் முதல் மூலதனம் ரோடுதான். வாரியம் மனை பிரிக்கும்போதே எண்பதடி ரோடு போட்டுவிட்டது. பழைய மதுரைக்குள் எங்கே எண்பதடி ரோடு இருக்கிறது? மாசி வீதியில் ஒரு லாரி நின்று சரக்கு இறக்கினால் பின்னால் ஊரே நிற்கும். ஷோரூம் வைக்கிறவன் முகப்பு அகலம் பார்ப்பான், எதிரே கார் நிற்குமா என்று பார்ப்பான். தனி வீடு, முன்னால் கொஞ்சம் காலி இடம், அகலமான ரோடு. மூன்றும் சேர்ந்தால் வீடு கடையாகாமல் இருக்குமா? முதலில் காம்பவுண்டுச் சுவரை இடித்து ஒரு ஷட்டர். அப்புறம் கார் ஷெட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை. அப்புறம் வீட்டுக்காரர் மாடிக்கு ஏறிவிடுவார், கீழே முழுக்க வாடகைக்கு. அப்பா காலமானதும் பிள்ளைகள் பாகம் பிரிக்க முடியாமல் விற்றுவிடுவார்கள், இடித்துவிட்டு நாலு மாடி எழும்பும். இந்த வரிசை எனக்கு மனப்பாடம்.

மேலூர் ரோடு எழுதியது:

சந்தையை ஒருத்தரும் இன்னும் தொடவில்லையே! தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை எங்கே திறந்தார்கள் என்று கேட்டால் இந்த இழையில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதே அண்ணாநகரில்தான். 1999 நவம்பர் 14, அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். பஞ்சாபின் அப்னி மண்டியையும், அதே வருடம் தொடக்கத்தில் ஆந்திராவில் வந்த ரைத்து பஜாரையும் பார்த்து உருவான திட்டம். சென்னையிலோ கோவையிலோ தொடங்காமல் இங்கே தொடங்கினார்கள்.

எங்க அப்பாவுக்குக் கத்தரியும் வெண்டையும். அதற்கு முன்னால் எப்படி என்றால், மூட்டையைக் கொண்டுபோய் மண்டியில் இறக்கினால் கமிஷன், இறக்குகூலி, கழிவு என்று கழித்துக்கொண்டு ஒரு துண்டுச்சீட்டு தருவார்கள். விலை என்ன என்று கேட்கிற இடத்தில் நாம் இருக்கமாட்டோம். உழவர் சந்தையில் முதல் தடவையாக அப்பா தன் சரக்கைத் தானே தராசில் போட்டார்.

நடைமுறையைச் சொல்கிறேன், வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நிலம் இருக்கிறதா, என்ன போட்டிருக்கிறோம் என்று அதிகாரிகள் பார்த்துவிட்டுப் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை தருவார்கள். அந்த அட்டையைக் காட்டித்தான் காலையில் உள்ளே கடை வாங்கவேண்டும். கடைக்கு வாடகை கிடையாது. இன்றைக்கு உட்கார்ந்த கடை நாளைக்கும் உனக்கே என்பதும் கிடையாது. எலக்ட்ரானிக் தராசு அவர்களே தருவார்கள், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விலையை நீங்களும் நானும் பேசி முடிவுசெய்வதில்லை. மொத்த மார்க்கெட் விலையை விசாரித்து, அதற்கு மேல் சுமார் 20 சதவீதம், வெளியே சில்லரைக் கடை விலைக்குச் சுமார் 15 சதவீதம் கீழே, இந்த இடைவெளிக்குள் ஒரு விலை வைத்து வாசல் பலகையில் எழுதிவிடுவார்கள். விற்கிறவனுக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் லாபம், நடுவில் இருந்தவருக்குத்தான் வயிற்றெரிச்சல். அரசு பஸ்ஸில் காய் மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் கிடையாது என்பதும் பெரிய விஷயம். கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு சாக்கு சுரைக்காயைக் கட்டணம் கொடுத்து ஏற்றினால் மிச்சம் என்ன இருக்கும்?

பலகையில் எழுதியது உச்ச விலை. நேரம் ஆக ஆக இறங்கும். கீரைக்காரர்கள்தான் முதலில் இறங்குவார்கள், வாடிப்போனால் திருப்பிக் கொண்டுபோய் என்ன செய்வது? பத்து மணிக்கு மேல் வந்து “எல்லாத்தையும் சேர்த்து என்ன சொல்றீக?” என்று கேட்கிற ஆட்கள் எப்போதும் உண்டு. அப்பா அவர்களை வைதுகொண்டேதான் கொடுப்பார்.

கண்ணாடிக் கடை எழுதியது:

நான் பிழைப்பதே ஆஸ்பத்திரிக் கூட்டத்தை வைத்து. இருந்தாலும் மேலூர் ரோடு அண்ணன் பக்கம்தான் பேசுவேன். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் வெளியூர். பஸ் ஏறினால் போய்விடுவார், அடுத்து வருவது மறுபரிசோதனைக்குத்தான். சந்தைக்கு வருகிறவர் உள்ளூர், வாரத்தில் ரெண்டு மூன்று தடவை வருவார். கடை வைக்கிற ஆளுக்கு இந்த ரெண்டாவது ஆள்தான் சோறு. காய் வாங்கிய கையோடு பால், பூ, வெற்றிலை, தேங்காய், ரீசார்ஜ் என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சந்தை வாசலை ஒட்டி அவ்வளவு நடைபாதைக் கடை ஏன் நிற்கிறது என்று நினைக்கிறீர்கள்? உள்ளே கிடைக்காத பூண்டும் உருளையும் வெளியே கிடைக்கும்.

சந்தை விடியலில் களைகட்டும், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். ஆஸ்பத்திரி பகல் முழுக்க. சாயங்காலம் ஜவுளி, ஓட்டல், தியேட்டர். ஒரே பேட்டையில் மூன்று வேளைக்கும் ஆள் இருப்பதால்தான் இங்கே வாடகை இவ்வளவு. கே.கே.நகரில் இந்தக் காலை வியாபாரம் கிடையாது.

கீழமாசிக்காரன் எழுதியது:

எல்லாரும் பழங்கதை பேசுகிறீர்கள். அண்ணாநகர் காலம் முடிந்தது, இனி மாட்டுத்தாவணிதான். பஸ் ஸ்டாண்ட் தொண்ணூறுகளின் கடைசியிலேயே அங்கே போய்விட்டது. கோயிலைச் சுற்றியிருந்த சென்ட்ரல் மார்க்கெட்டையும் பெயர்த்து அங்கே கொண்டுபோனார்கள். பழைய இடத்தில் இப்போது பல மாடி வாகனக் காப்பகம். பூ மார்க்கெட் அங்கே, நெல் வணிக வளாகம் அங்கே. 2004இல் ஹைகோர்ட் கிளை வந்ததும் மேலூர் ரோடு முழுக்க விலை ஏறியது. இப்போது டைடல் பார்க்குக்கும் 2025இல் அடிக்கல் நாட்டியாயிற்று. ஐ.டி. பசங்கள் வந்தால் மால் வரும். அண்ணாநகர் பக்கத்தில் நிற்கவேண்டியதுதான்.

பழைய குடித்தனம் எழுதியது:

மால் சொக்கிகுளத்தில் ஏற்கெனவே இருக்கிறதே தம்பி. ஏசிக்குள் நடந்துவிட்டு, படம் பார்த்துவிட்டு வரலாம். அங்கே போய் வாழைத்தண்டு வாங்க முடியுமா?

மாட்டுத்தாவணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது வந்து போகிற இடம், மொத்த வியாபாரத்துக்கான இடம். ராத்திரி ரெண்டு மணிக்குப் பூ மார்க்கெட் பக்கம் போய்ப் பாருங்கள், மல்லிகை மூட்டையும் ஏலச் சத்தமுமாக இருக்கும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மதுரை மல்லி, வெளிநாட்டுக்குப் போகிறதும் அங்கிருந்துதான். ஆனால் எனக்கு ரெண்டு முழம் பூ வேண்டும் என்றால் தெருமுனையில்தான் வாங்குவேன். மொத்தம் வேறு, சில்லரை வேறு. குடியிருக்கிறவர்களுக்குச் சில்லரைதான் கணக்கு.

மேலூர் ரோடு எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பஸ் ஸ்டாண்டும் உழவர் சந்தையும் அநேகமாக ஒரே சமயத்தில் வந்தவை. இது ரொம்ப முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவரை மதுரைக்கு வருகிற கிராமத்து ஆட்கள் பெரும்பாலும் வைகை ஆற்றுக்குத் தெற்கேதான் போவார்கள். ஜங்ஷன், பெரியார் பஸ் ஸ்டாண்ட், மாசி வீதி என்று எல்லாமே அந்தக் கரை. மாட்டுத்தாவணி வந்த பிறகு மேலூர், சிவகங்கைப் பக்கத்து ஜனங்கள் ஆற்றின் மேல் உள்ள ஏ.வி. பாலத்தைத் தாண்டாமலே வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்ப ஆரம்பித்தார்கள். காய் விற்றவர் அந்தக் காசிலேயே பிள்ளைக்குச் சட்டையும் இங்கேயே எடுத்தார். எங்க அப்பா தீபாவளித் துணிக்கு விளக்குத்தூண் போவதை அப்போதுதான் நிறுத்தினார். 1889இல் கட்டிய பாலம் நூறு வருஷத்துக்கு மேல் சுமந்த பாரம் கொஞ்சம் குறைந்தது என்று சொல்லலாம்.

ஆஸ்பத்திரி விதை, ரோடு நிலம், சந்தை தண்ணீர். என் தீர்ப்பு இதுதான், கோபம் வந்தால் திட்டிக்கொள்ளுங்கள்.

சதுரஅடி எழுதியது:

தீர்ப்பெல்லாம் வேண்டாம் அண்ணே, அப்பீல் போட ஹைகோர்ட்டும் ஒத்தக்கடை பக்கம்தான் :) ஆனால் பாலம் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அதை நான் யோசிக்கவில்லை.

உங்கள் சந்தைக்கு ஒரு கேள்வி. 2001க்குப் பிறகு ஆட்சி மாறியதும் உழவர் சந்தைகள் பல ஊர்களில் சோர்ந்துபோய், சில இடத்தில் பூட்டியே கிடந்தன. 2006இல்தான் மறுபடி தூசி தட்டினார்கள். சந்தைதான் தண்ணீர் என்றால், அந்த வருஷங்களில் அண்ணாநகர் காய்ந்திருக்க வேண்டுமே? கடை வாடகை அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

மேலூர் ரோடு எழுதியது:

நல்ல கேள்வி. பூட்டியவை பெரும்பாலும் தள்ளி, பஸ் வசதி இல்லாத இடத்தில் கட்டினவை. வாங்குகிறவர் நடந்து வருகிற தூரத்தில் இருந்த சந்தைகள் கவனிப்பே இல்லாவிட்டாலும் ஓடின. அண்ணாநகரில் வாடிக்கையாளர் சுற்றிலும் குடியிருக்கிறார். அதிகாரி வந்து பார்க்காவிட்டாலும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஆக, காலனி இல்லாமல் சந்தை இல்லை என்றும் சொல்லலாம், அந்தப் பாயிண்டை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

குறையும் சொல்லவேண்டும். பொதுவாகவே உழவர் சந்தைகளில் விவசாயி அட்டையை வைத்துக்கொண்டு மொத்த மார்க்கெட்டில் வாங்கிவந்து விற்கிற ஆட்கள் நுழைந்துவிடுவது உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். ஒருத்தரே கேரட்டும் முருங்கையும் முட்டைக்கோசும் சேர்த்து விற்றால் அவர் எந்த ஊரில் விவசாயம் பார்க்கிறார்? ஒரே தோட்டத்தில் ஊட்டியும் உசிலம்பட்டியும் இருக்குமா? ரெண்டு மூன்று அயிட்டம் மட்டும் வைத்துக்கொண்டு, அதுவும் ஒரே அளவில் இல்லாமல் கோணல்மாணலாக இருந்தால் நம்பி வாங்குங்கள்.

மேலமடை மாப்பிள்ளை எழுதியது:

அருமை! சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன், பாலத்துக் கதைக்கு ரொம்ப நேரம் தலையாட்டினார். இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மெயின் ரோட்டில் ஒரு வீடு வருகிறது, கீழே கடை, மேலே குடித்தனம். அடுத்தது, வண்டியூர் கண்மாய்ப் பக்கம் உள்ளே தள்ளி ஒரு தனி வீடு. எதை எடுக்கலாம்?

சதுரஅடி எழுதியது:

மெயின் ரோடு வீடு என்றால் சிலது கேளுங்கள். கீழ்க்கடைக்கு இ.பி. மீட்டர் தனியாக வர்த்தகக் கட்டணத்தில் இருக்கிறதா? சொத்து வரி கடையும் வீடுமாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்களா? ஒரே வீட்டு மீட்டரில் கடையும் ஓடினால் பிரச்சினை ஒருநாள் மாடிக்கும் ஏறிவரும். கீழே ஓட்டல் என்றால் எடுக்கவே எடுக்காதீர்கள். எண்ணெய்ப் புகை, கரப்பான், விடியுமுன் மாவு அரைக்கிற சத்தம். துணிக்கடையோ மருந்துக்கடையோ என்றால் பரவாயில்லை. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2019இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தில் அது கட்டாயம், வாய்ப்பேச்செல்லாம் பிறகு நிற்காது.

கண்மாய்ப் பக்கத்து வீடு என்றால் ஐப்பசி மழையில் அந்தத் தெரு எப்படி இருந்தது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள், புரோக்கரிடம் இல்லை. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் நிறையவே வயல். தண்ணீருக்கு அதன் பழைய பாதை ஞாபகம் இருக்கும். சுவரில் முழங்கால் உயரத்துக்குப் புதுப் பெயிண்ட் மட்டும் தனியாகத் தெரிந்தால் யோசியுங்கள்.

கண்ணாடிக் கடை எழுதியது:

வயசானவர்கள் என்பதால் சொல்கிறேன். அரவிந்தில் காட்டுவதானால் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் அப்புறம் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், எழுத்து தெரியாது. தனியாக அனுப்பவேண்டாம், வண்டி ஓட்டிக்கொண்டு போகவே வேண்டாம். சர்க்கரைக்காரர் என்றால் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருஷம் ஒருதடவை விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். கண்புரை ஆபரேஷனுக்குப் பயப்படுகிற தலைமுறை அது. 1992இல் அரவிந்த்காரர்களே அரோலேப் என்ற தொழிற்சாலை ஆரம்பித்து, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் செய்யத் தொடங்கியதால்தான், வெளிநாட்டுச் சரக்காக யானை விலை விற்றது சாதாரண ஆளுக்கும் எட்டியது. அந்தத் தொழிற்சாலையும் தூரத்தில் இல்லை, சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சானில் இருக்கிறது. சித்தப்பாவிடம் சொல்லுங்கள், கொஞ்சம் தைரியம் வரும்.

கீழமாசிக்காரன் எழுதியது:

பார்க்கிங்கைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை பாருங்கள். அந்த எண்பதடி ரோட்டில் ரெண்டு பக்கமும் வண்டியை நிறுத்தினால் மிச்சம் எத்தனை அடி? முகூர்த்த நாளில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒருதடவை காரில் போய்விட்டு வந்து அப்புறம் பேசுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூர் போய்த் திரும்புகிற நாட்களில் கார் சாவியை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டியதுதான்.

பழைய குடித்தனம் எழுதியது:

அழகர் வருகிற நாளில் கார் எடுக்கிறவனை மதுரைக்காரன் என்று யார் சொல்வது?

பார்க்கிங் குறை நிஜம்தான், சப்பைக்கட்டு கட்டமாட்டேன். வீடு கடையானபோது வண்டி எங்கே நிற்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் கேட்டை மறித்து வண்டி நிறுத்துகிறவர்களோடு தினம் சண்டைதான். தம்பி, ஒரே யோசனை. மெயின் ரோட்டில் எடுக்காதீர்கள், கண்மாய் வரைக்கும் போகவும் வேண்டாம். உள் தெருவில், சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில், தரைத்தளமாகப் பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடத்தான் சொல்வார்கள். ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு மிச்சமாகும். சாயங்காலம் நடக்க வேண்டுமென்றால் காந்தி மியூசியம் பக்கம் அழைத்துப் போங்கள், மரமும் நிழலும் அங்கே நன்றாக இருக்கும்.

மேலமடை மாப்பிள்ளை எழுதியது:

ரொம்ப நன்றிங்க. உள் தெருவில் ரெண்டு வீடு புரோக்கர் சொல்லியிருக்கிறார், இந்த வாரம் போய்ப் பார்க்கிறோம். சித்தி கேட்கச் சொன்னது: சந்தைக்கு எந்த நாள், எத்தனை மணிக்குப் போனால் நல்லது?

மேலூர் ரோடு எழுதியது:

ஞாயிறு வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது. வார நாளில் ஆறிலிருந்து ஏழுக்குள் போகச் சொல்லுங்க. கீரை, பிஞ்சு வெண்டை, நாட்டுக் கத்தரி எல்லாம் அப்போதுதான் நன்றாக இருக்கும். முதலில் வாசல் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போகணும். துணிப்பை ரெண்டு, சில்லறை கொஞ்சம். ஜிபே எல்லாரிடமும் இருக்காது, இருந்தாலும் அந்த நேரத்தில் சிக்னல் கிடைக்காமல் நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.